பூட்டு நாய்

இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய் நாய் வாங்கியவர்கள் தாம்பரம் வட்டாரத்திலேயே நாங்கள் மட்டுமாகத்தான் இருக்க வேண்டும். அம்மா தையல்காரி. முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், எங்கள் வீட்டு முன்னறையில் கால் மெஷினைப் போட்டுக்கொண்டு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அந்த மெஷின்தான். எதைப் பார்த்தாலும் என்ன அகலம், என்ன நீளம், துவைத்தால் நிற்குமா என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றும். அந்தக் கணக்கு நாய்க்கும் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் மவுண்ட் ரோட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். காலையில் ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் இன்னொரு கையில் முடியாத பின்னலுமாக ஓடி, தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடிப்பேன். ரயில் அங்கேயே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும். ஆனாலும் நான் கதவருகில்தான் நிற்பேன். சும்மா உட்கார்ந்தால் எனக்கு உடம்பு அரிக்கும். வருடக்கணக்காக அதே ரயில், அதே ஃபைல், அதே மேஜை. அப்போதுதான் பதவி உயர்வு வந்தது, கூடவே மதுரைக்கு மாற்றலும் வந்தது. சரி என்றோ வேண்டாம் என்றோ அந்த மாதக் கடைசிக்குள் சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. மாற்றல் வந்ததை அம்மாவிடமும் சொன்னேன், போனால் வாராவாரம் பக்கத்து வீட்டுக்கு ஃபோன் பண்ணுவேன் என்றும் சொல்லிவைத்தேன்.

எனக்குப் போக வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. வெறியாகப் போக வேண்டும் என்று இருந்தது. ஆனால் அம்மாவின் காது என்னைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது.

அம்மாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாது. விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானங்கள் எங்கள் தெருவுக்கு மேலே தாழப் பறக்கும். முன்பெல்லாம் அம்மா அவற்றைத் திட்டுவாள், "இவனுங்களுக்கு வேற ஊரே கிடைக்கலையா" என்று வானத்தைப் பார்த்துக் கையை நீட்டுவாள். பிறகு திட்டுவது நின்றுவிட்டது. பழகிப்போய்விட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன். குக்கர் விசிலுக்கு அவள் எழுந்து போகாமல், அடுப்படியிலேயே நின்று ஆவியைப் பார்க்கத் தொடங்கினாள். சிலிண்டர்காரர் வாசலில் கத்திக் கத்திப் பார்த்துவிட்டு இரண்டு முறை திரும்பிப் போனார். "மெஷின் ஓடற சத்தத்துல கேக்கல" என்றாள் அம்மா. நல்ல காரணம்தான். அந்த மெஷின் போடும் சத்தத்தில் யாருக்குமே எதுவும் கேட்காது.

வாய்மொழியாக அளவு சொல்பவர்களிடம் துணி வாங்குவதையும் அவள் நிறுத்திவிட்டாள். "அளவு ரவிக்கை கொண்டா. இல்லேன்னா துணியைத் தொட மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிடுவாள். தொழிலில் கண்டிப்பானவள் என்று தெருவில் பெயர் வந்தது. உண்மையான காரணம் எனக்குத் தெரியும். யாரோ கழுத்து இறக்கத்துக்கு எட்டு என்று சொன்னதை ஆறு என்று வைத்துத் தைத்துவிட்டு, ஒரு பட்டுத் துணிக்கு ஈடு கொடுத்திருந்தாள். காது டாக்டரைப் பார்க்கலாம் என்றால், "எனக்கு என்ன கேடு வந்தது" என்பாள். காதில் மெஷின் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இருக்கிற நாலு வாடிக்கையும் மார்க்கெட் பக்கம் புதிதாகத் திறந்த டெய்லர் கடைக்குப் போய்விடும் என்ற பயம் அவளுக்கு. அதை அவள் வாயால் சொன்னதில்லை. நாங்கள் இருவருமே அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

ஒருநாள் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே போய் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். அவள் குனிந்து ஒரு ரவிக்கையின் கைக்குழியைத் தைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா" என்றேன். இன்னொரு முறை, இன்னும் சத்தமாக. மெஷின் நின்ற இடைவெளியிலும் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. என் இடத்தில் வேறு யாராவது நின்றிருந்தால்? தோளைத் தொட்டேன். அவள் அலறிக்கொண்டு துள்ளியதில் விரல் ஊசிக்கு அடியில் போகாமல் தப்பியதே பெரிய விஷயம்.

"பூனை மாதிரி வந்து நிக்கறியே, அறிவிருக்கா?" என்று கத்தினாள். நானும் பதிலுக்குக் கத்தினேன். இருவரும் கத்திக்கொண்டோமே தவிர, எதைப் பற்றிப் பேச வேண்டுமோ அதைப் பேசவில்லை.

நாய் வாங்கும் யோசனை அன்றைக்குத்தான் வந்தது. வாசலில் யார் வந்தாலும் குரைக்கிற ஒரு நாய் வீட்டில் இருந்தால் நான் மதுரைக்குப் போகலாம். அது அம்மாவுக்குக் காதாக இருக்கும். கணக்கு எனக்குச் சுத்தமாகப் பொருந்தியது. ஆனால் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? உனக்குக் காது கேட்கவில்லை, அதனால் நாய் வாங்குகிறேன் என்று சொல்ல முடியுமா? "உனக்குத் துணைக்கு ஒரு நாய் வாங்கலாமா?" என்றேன். "முடியாது" என்று சொல்வாள், சண்டை போடலாம் என்று தயாராக நின்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "வாங்கலாமே" என்றாள்.

எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆனால் எந்த நாய் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். முடி கொட்டக் கூடாது. வாடிக்கையாளர்களின் பட்டுத் துணியில் ஒரு நாய் முடி ஒட்டியிருந்தாலும் அதோடு பிழைப்பு போச்சு. அடுத்தது அளவு. ஊக்கும் ஹெம்மிங்கும் தைக்கும்போது மடியில் அடங்க வேண்டும். அதே சமயம் மெஷின் பெடலுக்கு அடியில் நுழைகிற அளவுக்குச் சின்னதாகவும் இருக்கக் கூடாது. தெரியாமல் மிதித்துவிட்டால்? பெடலுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியை டேப் வைத்து அளந்தே காட்டினாள்.

"அந்த மாதிரி நாய் கடையில ஆர்டர் குடுத்துத் தைக்கத்தான் வேணும்" என்றேன்.

"இருக்குடி. நான் பாத்திருக்கேன்."

சேலையூர்ப் பக்கம் விமானப்படைக் குடியிருப்பில் ஒரு வடக்கத்தி அம்மாள் அவளிடம் தைக்கக் கொடுப்பாள். அந்த வீட்டில் பார்த்தாளாம். உடம்பெல்லாம் சுருள் சுருளாக முடி உள்ள ஒரு வெள்ளை நாய். "அந்தம்மா கறுப்புப் புடவை கட்டிக்கிட்டிருந்தா. நான் துணி பிரிச்சுக் காட்டற நேரமெல்லாம் நாய் அவ மடியிலதான் இருந்துச்சு. அவ எழுந்தப்ப பாத்தேன். புடவையில ஒரு முடி இல்ல." அந்த வீட்டுச் சோபா என்ன நிறம் என்று கேட்டால் அம்மாவுக்குத் தெரியாது. புடவையில் முடி இல்லாதது மட்டும் மனதில் தங்கியிருந்தது.

அலுவலகத்தில் விசாரித்தேன். அது பூடில் என்றார்கள். அசல் பூடில் நம்மால் ஆகாத காரியம், பொமரேனியனும் பூடிலும் கலந்த கிராஸ் என்றால் கிடைக்கும் என்றார் ஒருவர். மறுநாள் காலையில் கிளம்பும் அவசரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன். "அது பேரு பூடில்மா."

"பூட்டா?"

"பூடில், பூடில்."

"அதான், பூட்டு. நல்ல பேருதான். வீட்டுக்குக் காவல் இல்லையா" என்று அவளே ஒரு விளக்கமும் கொடுத்துக்கொண்டாள். இங்கிலீஷ் வார்த்தை வாயில் நுழையவில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "பூட்டு நாய் வாங்கப் போறோம்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலில் மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். அங்கே பூடில் கிராஸ் என்று காட்டப்பட்டது பொமரேனியன்தான், அதுவும் அசலா என்பது சந்தேகம். அம்மா கைப்பையைத் திறந்து ஒரு கறுப்பு ரூபியா துணியை வெளியே எடுத்தாள். ரவிக்கை தைத்து மிஞ்சிய துண்டு. அதைக் குட்டியின் முதுகில் ஒரு தேய் தேய்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். துணி முழுக்க வெள்ளை வெள்ளையாக முடி. வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள், "வேண்டாம்" என்று துணியை உதறி மடித்துக்கொண்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னல் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே வந்தேன். மாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாய்க்கு இவ்வளவு துணிப் பரிசோதனையா என்று எரிச்சலாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டைக்குப் போனோம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஒரு சந்துக்குள் ஒருவர் வீட்டின் பின்புறம் நாய் வளர்த்து விற்றுக்கொண்டிருந்தார். லுங்கி, பனியன், வாயை மூடிய ஒரு மீசை. பேச ஆரம்பித்தால் மூச்சு விடாமல் பேசுகிறவர்.

"வா சிஸ்டர், வாம்மா. கரீட்டான எடத்துக்குத்தான் வந்துகிறீங்க. ஆத்தா பொமரேனியன், அப்பன் பூடில். அப்பன் நம்மளுது இல்ல, பரங்கிமலைல ஒரு தொரை வூட்ல கீது. மூணு குட்டி நிக்குது, பாரு."

மூன்று குட்டிகள் ஒரு பழக்கூடைக்குள் இருந்தன. ஒன்று புசுபுசுவென்று வெள்ளை. எங்களைப் பார்த்ததும் கூடை விளிம்பில் கால் வைத்து விடாமல் குரைத்தது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வந்தது எனக்குப் பரமானந்தமாக இருந்தது. இதுதான், இதையேதான் என்று முடிவு செய்துவிட்டேன். இன்னொன்று தூங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது பாலாடை விழுந்த டீயின் நிறத்தில், சுருட்டை முடியோடு, மூலையில் உட்கார்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா முதலில் தாய் நாயை நிறுத்தி வைத்து அளந்தாள். தரையிலிருந்து தோள் வரை, கழுத்திலிருந்து வால் வரை, பிறகு மார்புச் சுற்று. தாய் நாய் பயந்துபோய் ஆடாமல் நின்றது.

"இன்னாமா, அதுக்கு ஜாக்கெட் தெக்கப் போறியா?" என்றார் அவர்.

அம்மா டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். குட்டிகள் இந்த அளவுக்கு வளரும் என்றால் பெடலுக்கு அடியில் போகாது, மடியில் அடங்கும் என்பது அவள் தலையசைப்பில் தெரிந்தது. பிறகு கறுப்புத் துணி வெளியே வந்தது. குரைக்கிற குட்டியைத் தேய்த்தாள். அந்த வயதிலேயே துணியில் நாலைந்து வெள்ளை முடி ஒட்டியது. தூங்குகிற குட்டிக்கும் கொஞ்சம் ஒட்டியது. சுருட்டைக் குட்டியைத் தேய்த்தாள். ஒன்றுமில்லை. எதிர்ப்பக்கமாகத் தேய்த்தாள். அப்போதும் ஒன்றுமில்லை.

"அது அப்பன் ரோமம். கொட்டாது. ஆனா வளந்துகினே போவும், சலூன்ல வெட்டற மாதிரி வெட்டி வுடணும், சொல்லிட்டேன்" என்றவர், அதோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னொரு விசயம். இது கத்தவே கத்தாதும்மா. பொறந்ததுலேர்ந்து வாயே தொறக்கல. அக்கம்பக்கம் ஒரு பேஜாரும் கெடையாது. இந்த மாதிரி எங்கயும் கெடைக்காது உனக்கு."

அம்மா, "சரி சரி" என்று சிரித்துத் தலையாட்டினாள். அவளுக்கு ஒரு வார்த்தையும் விழவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்தது. அளவு சொல்ல வருகிறவர்களிடம் அவள் சிரிக்கிற அதே சிரிப்பு.

"சுருட்டை முடியோட குரைக்கற குட்டி இல்லையா?" என்று அவரிடம் கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "குரைக்கறதா? வர்றவங்க எல்லாம் கத்தாததா குடு, கத்தாததா குடுன்னு உயிர எடுக்கறாங்க. நீ இன்னா சிஸ்டர், ராங்கா கேக்கற?"

எங்களுக்குக் கத்துகிற நாய்தான் வேண்டும், ஏனென்றால்... என்று அந்த மீசைக்காரரிடம் தொடங்கினால், நடுத்தெருவில் அம்மாவை நிறுத்திக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். அம்மாவைத் தனியே இழுத்துப் போய் இது குரைக்காதாம் என்று சொல்லலாம். ஆனால் அவளுக்குக் கேட்கும்படி சொன்னால் சந்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். கூடையிலிருந்து அந்த வெள்ளைக் குட்டி என்னைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது. அதைத் தூக்கிக் காட்டி, "இது நல்லா இல்ல?" என்று சைகையாகக் கேட்டுப் பார்த்தேன். அம்மா கறுப்புத் துணியை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். அதற்கு மேல் பேச்சில்லை. சுருட்டைக் குட்டி ஒயர் கூடையில் உட்கார்ந்துகொண்டு எங்களோடு ரயிலேறியது. தாம்பரம் வரும்வரை அது ஒரு முனகல்கூட முனகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை வெந்நீரில் குளிப்பாட்டினாள். லைனிங் துணியை நனைத்துப் பார்க்காமல் வெட்ட மாட்டாள், அந்தப் பழக்கம் நாயையும் விடவில்லை. சுருள் முழுதும் படிந்து எலி மாதிரி ஒன்று பக்கெட்டுக்குள் நின்றது. "ஐயையோ, பாதியா சுருங்கிப் போச்சே" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகிவிட்டது. காய்ந்ததும் அது பழையபடி உப்பிக்கொண்டு அவள் மடியில் ஏறியது. ஊக்கு தைக்கும்போதெல்லாம் அங்கேதான் கிடந்தது. துணியில் ஒரு முடி ஒட்டவில்லை. அம்மாவைப் பொறுத்தவரை எல்லாம் சரியாக அமைந்துவிட்டது.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியே போய் வாசல் மணியை அழுத்திவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். நாய் தலையைத் தூக்கும். கதவைப் பார்க்கும். வந்தது நான்தான் என்று தெரிந்ததுபோல் மறுபடி தலையைக் கீழே போட்டுக்கொள்ளும். அம்மா தைத்துக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டம்மாவை மணியடிக்கச் சொல்லிப் பார்த்தேன். அவருக்கும் அதே மரியாதைதான். அலுவலகத்தில் மேலதிகாரி, "என்ன முடிவு பண்ணீங்க?" என்று கேட்டார். "சொல்றேன் சார்" என்றேன். ஒரு நாய் வாயைத் திறப்பதற்காக நான் காத்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எனக்குப் பொறுமை போய்விட்டது. மணியை அழுத்திவிட்டு உள்ளே ஓடி வந்து, கூடத்தில் நாய்க்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தேன். "இப்படிக் குரைக்கணும். வள்! வள் வள்! எங்க, சொல்லு!" நாய் என் வாயை ஆர்வமாகப் பார்த்தது. நான் மறுபடி எழுந்து போய் மணியை அழுத்தினேன், மறுபடி வந்து குரைத்தேன். பட்டம் வாங்கியவள், பதவி உயர்வு வந்தவள், நாலு காலில் நின்று குரைத்துக்கொண்டிருந்தேன். நாய் வாலை மட்டும் ஆட்டியது.

மெஷின் நின்றிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். அம்மா முன்னறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"குரைக்கச் சொல்லித் தரேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? யாராவது வந்தா உனக்குத் தெரிய வேண்டாமா? மணி அடிச்சா உனக்குக் கேக்க மாட்டேங்குது! நான் மதுரைக்குப் போயிட்டா நீ என்ன பண்ணுவ?"

சொல்லிவிட்டேன். இத்தனை நாள் இருவரும் பொத்திப் பொத்தி வைத்திருந்ததைக் கோபத்தில் போட்டு உடைத்துவிட்டேன். அம்மா அழுவாள், அல்லது அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடி அசடே. மணி அடிக்கறதே கேக்காதவளுக்கு நாய் குரைக்கறது மட்டும் கேக்குமா?"

நான் மண்டியிட்டபடியே இருந்தேன். இது எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையே என்பதை என்னால் நம்ப முடியவில்லை. "இல்லம்மா, மணி சின்ன சத்தம், நாய்னா சத்தம் பெருசா..." என்று இழுத்தேன்.

"ப்ளேன் சத்தம் பெருசு இல்லையா? அதுவே போறப்ப தரை அதிர்றது காலுக்குத் தெரியுது. அவ்வளவுதான்."

"எப்போலேர்ந்து?"

"அது ஆச்சு ரெண்டு வருஷத்துக்கு மேல. கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு." தொலைந்துபோன கத்தரிக்கோலைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னாள். மந்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது மந்தமே இல்லை. அடியோடு போய்விட்டிருந்தது. ஒரே வீட்டில், ஒரே கூடத்தில் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டு நான் அது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

"என்கிட்ட பேசிக்கிட்டுத்தானே இருக்க? நான் சொல்றதுக்கெல்லாம் பதில் சொல்றியே?"

"உன் வாயைப் பாத்து. எல்லார் வாயையும் பாத்து. அன்னிக்கு அந்தக் குரோம்பேட்டை ஆளுக்கு மீசை, ஒண்ணும் புரியல. உன்னோடது நல்லா புரியும், நீ நின்னு பேசினா. நீ எங்க நிக்கற? செருப்பை மாட்டிக்கிட்டே பேசுவ, தலை பின்னிக்கிட்டே பேசுவ, கேட்டுக்குப் போயி தெருவைப் பாத்துக் கத்துவ. பாதி பேச்சு நானே ஊகிச்சுக்கறதுதான்."

நாய் எழுந்து போய் அவள் காலடியில் நின்றது. அவள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அப்புறம் எதுக்கு இந்த நாய்க்குச் சரின்னு சொன்ன?"

"எனக்கு நாய் பிடிக்கும். நீ கேட்டே, சரின்னேன். யாரு வந்தான்னு தெரிய நாய் எதுக்கு? கரண்ட் வேலை பாக்கறவரைக் கூப்பிட்டு மெஷினுக்கு மேல ஒரு பல்பு மாட்டச் சொல்லு. மணி அழுத்தினா எரியற மாதிரி. அவரு செஞ்சு குடுப்பாரு." எல்லாவற்றையும் அவள் எப்போதோ யோசித்து வைத்திருந்தாள், நான் கேட்கட்டும் என்றுதான் காத்திருந்திருக்கிறாள். நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்துக்கொண்டே சொன்னாள்: "இந்த வீட்டுல என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருக்கறது இது ஒண்ணுதான்."

சண்டையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனால்தான் அது தாங்க முடியாமல் இருந்தது.

"மதுரைக்குப் போனா வாராவாரம் பக்கத்து வீட்டுக்கு ஃபோன் பண்றேன்னு சொன்னியே," என்றாள். "பண்ணாத. அந்தம்மா முன்னாடி ரிசீவரைக் காதுல வெச்சுக்கிட்டு, 'ம், ம்'னு தலையாட்டிக்கிட்டு நிக்க என்னால ஆகாது. நேர்ல வா. எப்ப முடியுதோ அப்ப வா. வந்து நின்னு பேசு."

மதுரைக்குப் போகிறேன் என்று நான் இன்னும் முடிவு சொல்லவே இல்லை. போவேன் என்று அவள் எடுத்துக்கொண்டு பேசினாள். எனக்கு அது விடுதலையாகவும் இருந்தது, நெஞ்சில் குத்துவதாகவும் இருந்தது. ஜன்னலுக்குப் போய், வெளியே கொடியில் காய்கிற துணியைப் பார்த்தபடி நின்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நான் இருந்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். இருந்தால் எனக்கு எவ்வளவு கோபம் கோபமாக வரும், அதை யார் மேல் காட்டுவேன் என்பதும் தெரிந்தே இருந்தது. ஜன்னலைப் பார்த்தபடியே வாய்க்குள் என்னவோ சொன்னேன்.

"இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுடி" என்றாள் அம்மா.

திரும்பினேன். அவள் நாயை இடுப்பில் வைத்துக்கொண்டு என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போறேம்மா" என்றேன். சத்தமே வரவில்லை, வாய் மட்டும்தான் அசைந்தது. "சரி, போயிட்டு வா" என்றாள் அவள்.